உயரத்துக்குப் பழகாமல் போனவர்கள்

வடபழனியில் இரண்டு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆண்டீஸ் மலைத்தொடரில் 6,893 மீட்டர் உயர எரிமலையான ஓஹோஸ் டெல் சலாடோவில் ஏறுகிறவர்கள், முதலில் பக்கத்துச் சிறு சிகரங்களில் ஏறி இறங்கி, மெலிந்த காற்றுக்கு உடம்பைப் பழக்குகிறார்கள்.

1962 சீனப் போரில் நம் ஜவான்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. சமவெளியிலிருந்து நாம்கா சூ ஆற்றங்கரைக்குப் பருத்தி உடுப்போடு அவசரமாக அனுப்பப்பட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்து, குண்டு படாமலே சிலர் இறந்தார்கள்.

பின்னர் ராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று ராணுவத்தில் 9,000 அடியில் 6 நாள், 12,000 அடியில் 4 நாள், 15,000 அடியில் 4 நாள் தங்கிப் பழக வேண்டும்.

அந்த 14 நாள் அன்றைக்குக் கிடைத்திருந்தால் சிலராவது வீடு திரும்பியிருப்பார்கள்.