துலூஸின் தங்கப் பூக்கள்

துலூஸ் என்றால் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஏர்பஸ்தான் ஞாபகம் வரும். எனக்கும் அந்த ஊர் அப்படித்தான் அறிமுகம். ஆனால் தெற்குப் பிரான்சின் இந்த நகரத்தில் விமானத்தைவிட என்னை அதிகம் உறுத்திய விஷயம் வேறு. ஒரு மொழியைக் காப்பாற்ற 1323-இல் அங்கே ஒரு கவிஞர் கூட்டம் உருவானது. பிற்காலத்தில் அந்தக் கூட்டமே அந்த மொழியை வெளியே நிறுத்திவிட்டு, 1895-இல்தான் திரும்ப உள்ளே விட்டது.

அந்த மொழி ஒக்சித்தான். பலர் நினைப்பதுபோல இது பிரெஞ்சின் கிராமத்து வழக்கு இல்லை. இரண்டுமே லத்தீனிலிருந்து தனித்தனியாக வளர்ந்தவை. ‘ஆமாம்’ என்பதற்கு வடக்கில் ‘ஒய்ல்’, தெற்கில் ‘ஒக்’. அந்த ஆமாமில் இருந்துதான் மொழிக்கே பெயர் வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் துரூபதூர் கவிஞர்கள் இதில்தான் காதலைப் பாடினார்கள். தாந்தே தன் இத்தாலியக் காவியத்தில் ஆர்னோ தனியேல் என்ற துரூபதூரைச் சந்திக்கும் இடத்தில், அவரை ஒக்சித்தானிலேயே பேச விடுகிறார். அவ்வளவு மரியாதை இருந்த மொழி.

அப்புறம் போர் வந்தது. தெற்கில் பரவியிருந்த கத்தார் சமயத்தை ஒழிக்க, போப் மூன்றாம் இன்னொசென்ட் விடுத்த அழைப்பில் 1209-இல் வடக்கிலிருந்து சிலுவைப்படை இறங்கியது. சமயம் ஒரு காரணம், நிலம் இன்னொன்று. இருபது வருடம் நீண்ட அந்தப் போரை ஒரு நெடுங்கவிதை பதிவு செய்திருக்கிறது. அதன் முதல் பகுதியை எழுதியவர் சிலுவைப்படையின் பக்கம். தொடர்ச்சியை எழுதியவர் பெயர் தெரியாத ஒருவர். அவர் துலூஸின் பக்கம். ஒரே காவியத்துக்குள் இப்படிக் கட்சி மாறுவதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1218 ஜூன் 25 அன்று முற்றுகைப் படையின் தலைவர் சிமோன் த மோன்ஃபோர் தலையில் கல் விழுந்து செத்தார். கோட்டைக்குள்ளிருந்து கல்லெறி பொறியை இயக்கியவர்கள் துலூஸ் பெண்கள் என்கிறது அந்தக் கவிதை. நான் பொறியாளன், இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. அன்று இரண்டு வகைப் பொறிகள் இருந்தன. எதிர் எடையால் இயங்குவது ஒன்று, பலர் சேர்ந்து கயிற்றை இழுத்து இயக்குவது இன்னொன்று. இது இரண்டாவது வகையாக இருந்திருக்கலாம். அதில் ஒருவருடைய பலம் மட்டும் போதாது, எல்லாரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் கல் குறிக்குப் போகாது.

ஆனாலும் துலூஸ் தோற்றது, அதுவும் காகிதத்தில். 1229 பாரிஸ் உடன்படிக்கையில் துலூஸ் பிரபு தன் மகளை மன்னரின் தம்பிக்குக் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. 1271-இல் இருவரும் இறந்ததும் நாடு மன்னரிடம் போனது. அதே உடன்படிக்கையில்தான் துலூஸ் பல்கலைக்கழகமும் பிறந்தது. எதிர்ச் சமயத்தை ஒழிக்கத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவரும் தோற்ற பிரபுதான்!

போர் முடிந்து சுமார் நூறு வருடம் கழித்து ஏழு பேர் கூடினார்கள். அவர்களில் வணிகர்கள், நாணயம் மாற்றுபவர்கள், ஒரு நோட்டரி எல்லாம் உண்டு. புரவலர்களாக இருந்த அரண்மனைகள் போய்விட்டதால் கவிதையை ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். ஊர் ஊராக அழைப்பு அனுப்பி, 1324 மே 3 அன்று போட்டி வைத்தார்கள். பரிசு, தங்கத்தில் செய்த ஒரு வயலட் பூ. ஆர்னோ விடால் என்பவர் கன்னி மரியாளைப் பற்றிய கவிதைக்கு அதை வென்றார். பிறகு தீர்ப்புக்கு விதி வேண்டும் என்று இலக்கணமும் யாப்பும் சேர்ந்த பெரிய நூல் ஒன்றையே தொகுத்தார்கள். எனக்கு இங்கேதான் லேசாக நெருடுகிறது. துரூபதூர்களின் காதல் குறும்பு போய், நடுவர்களுக்குப் பயந்த பக்திக் கவிதைதான் அதிகம் மிஞ்சியது.

அதன்பின் பிரெஞ்சு படிப்படியாக உள்ளே வந்தது. 1539-இல் நீதிமன்றத்துக்கும் அரசு ஆவணங்களுக்கும் பிரெஞ்சுதான் என்று அரசாணை. 1694-இல் பதினான்காம் லூயி அந்தச் சங்கத்தை அக்காதெமி ஆக்கினார்; அதன் மொழி பிரெஞ்சு. 1819-இல் அது தங்க லில்லிப் பூவைக் கொடுத்தது விக்தர் ஹ்யூகோ என்ற 17 வயதுப் பையனுக்கு, பிரெஞ்சுக் கவிதைக்காக. இதற்கிடையில் 1617-இல் தன் கவிதைத் தொகுப்பை ஒக்சித்தானில் வெளியிட்ட கூதெலினுக்கு இன்று துலூஸின் வில்சன் சதுக்கத்தில் சிலை இருக்கிறது.

1895-இல் அக்காதெமி ஒக்சித்தானுக்குக் கதவைத் திறந்தபோது பள்ளிக்கூடம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 1880-களின் கட்டாயக் கல்விக்குப் பிறகு, வகுப்பில் வீட்டு மொழி பேசிய பிள்ளையின் கையில் அவமானச் சின்னமாக ஒரு பொருளைத் திணிப்பார்கள். அடுத்து பேசி மாட்டுகிற பிள்ளையிடம் அதைத் தள்ளிவிட வேண்டும். பிள்ளைகளையே ஒருவரையொருவர் வேவு பார்க்க வைத்த ஏற்பாடு. அந்த வெட்கத்துக்கு ஒக்சித்தானிலேயே ‘வெர்கோன்யா’ என்று பெயர். சட்டம் இந்த மொழியைப் பள்ளிக்குள் அனுமதித்தது 1951-இல்.

இன்று துலூஸ் மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்தின் பெயரும் முதலில் பிரெஞ்சில் வரும், அடுத்து ஒக்சித்தானில். இரண்டாவது குரல் மட்டும் புரிந்து முதல் குரல் புரியாத ஊர்க்காரர் அந்த ரயிலில் ஒருவர்கூட இருக்க மாட்டார். எங்கள் தொழில் கணக்கில் அந்த அறிவிப்பு தேவையில்லாதது. இருந்தும் நிலையத்துக்கு நிலையம் அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.