வரப்பின் மேல்தான் ஓடுகிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கதிர்காமத்திலிருந்து விடிகாலையில் ஓடக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. கிழக்கே போனால் கடற்கரைச் சாலை. ஒன்றரை கிலோமீட்டர், காலை ஏழரை வரை வண்டித் தொல்லை இல்லை. வடக்கே கோரிமேடு ஏறி, தமிழ்நாட்டு எல்லை தாண்டி, மொரட்டாண்டி வழியாகப் போனால் ஆரோவில்லின் செம்மண் பாதைகள். முட்டிக்கு இதம், தலைக்கு நிழல். என் பழைய மாணவர்கள் பலர் இப்போது இந்த இரண்டாவது கட்சி. 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானும் இந்த மண்ணில்தான் நடக்கிறது. அதில் பரிசு கிடையாது. ஓடும் சந்தோஷத்துக்காக ஓடுவது.

அந்த மாணவர்களில் ஒருவர் கேட்டார்: "சார், காட்டுக்குள்ள இவ்வளவு அழகா பாதை போட்டது யாரு?"

நல்ல கேள்வி. பதில்: ஓடுவதற்கென்று யாரும் பாதை போடவில்லை. அங்கே காடும் இல்லை.

கோரிமேட்டிலிருந்து வடக்கே நீளும் செம்மண் மேடு உச்சியிலேயே கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர்தான். ஒரு காலத்தில் இங்கே வறட்சியிலும் இலை உதிர்க்காத கடலோரக் காடு இருந்தது. வீரை, காசா, பாலை, கருங்காலி போன்ற மரங்கள். விறகுக்கும் வீட்டுக்கும் வெட்டினார்கள்; மிச்சத்தை ஆடுமாடு மேய்ந்தது. சாமிக்குப் பயந்து விட்டுவைத்த இடத்தில் மட்டும் காடு தப்பியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது, 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தின் சொந்த மண்தான் மழைதோறும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய புகைப்படங்களில் தெரிவது சில பனைமரங்கள், ஓர் ஆலமரம், சிவப்புப் பொட்டல், மழை அறுத்த பள்ளங்கள்.

நம் பகுதிக்கு ஆண்டில் ஏறத்தாழ 120 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடும். மொட்டைச் செம்மண்ணில் அது இறங்காது, ஓடும். ஓடும் தண்ணீர் மேல்மண்ணைக் கொண்டுபோகும். மேல்மண் போன இடத்தில் செடி நட்டால் பிழைக்காது.

அதனால் முதல் வேலை மரம் நடுவது அல்ல, தண்ணீரை நிறுத்துவது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், மண்ணை அணைத்து வரப்பு போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர்களோடு குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற ஊர்களின் ஆண்களும் பெண்களும் மண்வெட்டியும் கூடையுமாக உழைத்தார்கள். தொடக்கத்தில் கன்றுகளுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் போனது. முதலில் எதையும் தாங்கும் ஆஸ்திரேலிய அக்கேசியா. அதன் நிழலில், கோயில் காடுகளில் பொறுக்கிய விதைகளிலிருந்து நாட்டு மரங்கள். இதுவரை நட்டவை 20 லட்சத்துக்கு மேல் என்பது ஆரோவில் சொல்லும் கணக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அதற்குள் அடியில் நாட்டு மரங்கள் வளர்ந்திருந்ததால் காடு முழுதாகப் போய்விடவில்லை.

வரப்பைப் பார்த்துக்கொள்ளவும், கன்றுக்குத் தண்ணீர் சுமக்கவும் நடந்த கால்களே வரப்பின் மேலும் ஓரத்திலும் தடம் போட்டன. நம் ஏரிக்கரைகளும் அப்படித்தானே? நீருக்காகக் கரை, கரையால் வழி. ஆகவே நண்பர்களே, நாம் உடம்புக்காக ஓடுவது ஒரு நீர்க்கட்டுமானத்தின் மேல்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. நகரத் தெருக்களில் படகு விட்டு மக்களை மீட்டார்கள். மேட்டில் தங்கும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் பள்ளத்துக்கு வராத தண்ணீர், கிணற்றுக்குப் போகும் தண்ணீர்.

2021 டிசம்பரில் ஆரோவில்லில் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டு, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் போனது. தீர்ப்பாயத்தின் ஆணையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திட்டமிட்ட நகரம் எழ வேண்டும் என்பார்க்கும் நியாயம் உண்டு, காடு நிற்க வேண்டும் என்பார்க்கும் நியாயம் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், வரப்பை வெட்டும் இடத்தில் தண்ணீருக்கு மாற்று வழி சொல்லியாக வேண்டும்.

நாம் செய்யக்கூடியது சின்ன வேலைதான். குறுக்குவழிக்காக வரப்பை மிதித்துச் சரிக்காதீர்கள். மழைக்காலத்தில் பைக்கைக் காட்டுக்குள் ஓட்டாதீர்கள். டயர் போட்ட ஒரு பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். உடைப்பு கண்டால் அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். அவர் மண்வெட்டி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல உடற்பயிற்சிதான்.