மஃப்ஜரின் ஹம்மாம்

உரோமரின் பொதுக் குளியல் மண்டபங்கள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உரோமோடு கதையை முடித்துவிடுகின்றனர். அதன் தொடர்ச்சியைக் காண விரும்புபவர் பலஸ்தீனுக்கு வரவேண்டும். அறபிகள் அரீஹா என்றழைக்கும் எரிக்கோ நகருக்குச் சற்று வடக்கே கிர்பத் அல் மஃப்ஜர் என்றொரு இடிபாடு உண்டு. 1930களின் நடுப்பகுதி முதல் 1948 வரை நிகழ்ந்த அகழ்வில் அங்கே உமையாக் காலத்து மாளிகையும், பள்ளிவாசலும், பெரிய ஹம்மாம் ஒன்றும் வெளிப்பட்டன.

ஹம்மாமின் சூட்டறைகளில் உரோமரின் கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது. குட்டைத் தூண்களின் மேல் தளத்தை உயர்த்தி, அடுப்பின் அனலைத் தளத்தின் கீழே ஓடவிடும் அதே உத்திதான். ஆனால் அளவுகள் மாறிவிட்டன. உரோமரிடம் பிரமாண்டமாயிருந்த சூட்டறைகள் இங்கு சிறுத்துவிட, முன்மண்டபம் பெருத்துவிட்டது. ஏறத்தாழ 30 மீற்றர் சதுரமான அம்மண்டபத்தைப் பதினாறு பருத்த தூண்கள் தாங்கின. அதன் தளம் முழுவதும் வண்ணக்கல் பதித்த கோலங்கள். 38 விரிப்புகள், 827 சதுர மீற்றர். பக்கத்துச் சிற்றறையில் கனி நிறைந்த ஒரு மரம். ஒருபுறம் இரு மான்கள் மேய்கின்றன, மறுபுறம் சிங்கமொன்று மானின் மேல் பாய்கிறது.

மனித உருவச் சிலைகளும் அங்கே கிடைத்தன. இதைச் சொல்ல எம்மவரில் சிலர் கூசுவர். கூசத் தேவையில்லை என்பது என் எண்ணம். பள்ளிவாசலும் அதே வளவில்தான் இருக்கிறது. ஆட்சியாளரின் உல்லாசத்தை மார்க்கத்தின் கணக்கில் எழுதுவதும், மார்க்கத்துக்காக அதை மறைப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

கட்டியவர் யார்? கலீபா ஹிஷாமின் பெயர் எழுதப்பட்ட துண்டொன்று அகப்பட்டதால் இன்றும் 'ஹிஷாம் மாளிகை' என்ற பெயரே வழங்குகிறது. பிரித்தானியரான றொபர்ட் ஹமில்டனோ, அது ஹிஷாமின் சகோதரரின் மகனான இரண்டாம் வலீதின் களியாட்ட மாளிகை என்றார். 1959இல் வெளிவந்த அவரது பெருநூலே நெடுங்காலம் இறுதிச்சொல்லாக இருந்தது.

அந்த மண்ணைத் தோண்டியவரோ திமித்ரி பரம்கி என்ற பலஸ்தீனர். மாளிகையின் ஓவியங்களிலும் சிற்பங்களிலும் பிறர் மயங்கிநிற்க, இவர் உடைந்த சட்டிபானை ஓடுகளையும் படையடுக்கு வாரியாகச் சேர்த்து, 1940களிலேயே அவைபற்றி எழுதினார். 1948 அகழ்வை நிறுத்தியது. பரம்கி பெய்ரூத் சென்று அமெரிக்கப் பல்கலைக்கழக நூதனசாலையில் பணியாற்றினார். மஃப்ஜரின் சிலைகளும் சிற்பங்களும் ஜெரூசலத்தில் றொக்பெலர் நூதனசாலையில் இருந்தன. 1967இல் அந்த நூதனசாலையும் இஸ்ரேலின் கைக்குப் போயிற்று.

எட்டாம் நூற்றாண்டின் நடுவில் நேர்ந்த பூகம்பத்தோடு அவ்விடம் பாழடைந்தது என்பதே பொதுவான நம்பிக்கையாக இருந்தது. 1988இல் டொனல்ட் விற்கொம் என்ற ஆய்வாளர் பரம்கியின் ஓடுகளை மீண்டும் வாசித்தார். பூகம்பத்துக்குப் பின்னரும், அப்பாஸியர் காலத்திலும் அங்கே மனிதர் வாழ்ந்து சமைத்துண்டதை அவ்வோடுகள் காட்டின. 2011 முதல் அவரும் பலஸ்தீனத் தொல்லியலாளர் ஹம்தான் தாஹாவும் சேர்ந்து மஃப்ஜரில் மறுபடியும் தோண்டினர். நெடுங்காலம் மணலால் மூடிப் பாதுகாக்கப்பட்ட ஹம்மாமின் தளம், ஜப்பானிய உதவியில் எழுந்த கூரையின் கீழ், 2021இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.