செராய் வாங்கியும் மண்ணெண்ணெயும்



நறுமணத் தைலச் சிகிச்சையைப் புதிதாகப் பயின்ற தாய்மார் சிலர் இங்குப் பாடாங் மேஹாவில் என்னிடம் வினவுவதுண்டு: "எந்தத் தைலத்தை நம்பி வாங்குவது, ஐயா?" நான் மொழியாசிரியன், தைல வணிகன் அல்லன். எனினும் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

நம் கொல்லையில் வளரும் செராய் இருவகைப்படும். ஒன்று சமையலுக்கானது. மற்றொன்று செராய் வாங்கி. அதன் அடித்தண்டு செந்நிறம் பாய்ந்திருக்கும். குழம்புக்கு உதவாது, கொசுவை விரட்ட உதவும். இத்தகைய புல்லிலிருந்து வடிப்பதே சிட்ரோனெல்லா தைலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் தென்பகுதியான மாத்தறை, அம்பாந்தோட்டை வட்டாரங்களில் இப்புல் பெருமளவில் பயிரிடப்பட்டது. தைலம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிச் சவர்க்காரங்களுக்கு மணமூட்டியது. விலைப் போட்டி மிகவே, அதில் மண்ணெண்ணெய் கலக்கப்பட்டது. புல்லின் மணம் வலியது. ஆதலால் மூக்கு ஏமாந்தது.

ஜெர்மனியின் ஷிம்மல் நிறுவனம் இதற்கு எளிய சோதனை ஒன்றை வகுத்தது. ஒரு பங்கு தைலம், 80 விழுக்காட்டு ஆல்கஹால் ஓரிரு பங்கில் தெளிவாகக் கரைய வேண்டும். ஆல்கஹாலைப் பத்துப் பங்கு வரை கூட்டினாலும் எண்ணெய்த் துளிகள் பிரியலாகாது. மண்ணெண்ணெய் மிகுந்திருந்தால் பிரிந்துவிடும். கலப்படக்காரர்கள் ஓய்ந்தார்களா? சோதனையில் தேறும் அளவுக்கு மட்டும் கலக்கக் கற்றுக்கொண்டனர்! (தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மட்டும் படிக்கும் மாணவர்களை நாம் அறியாதவர்களா?) பின்னர்ச் சோதனையையே கடுமையாக்க நேர்ந்தது.

கலப்படமே இல்லாவிடினும் சிக்கல் தீரவில்லை. இலங்கையில் லேனபட்டு, மகாபெங்கிரி என இருவகைப் புற்கள் இருந்தன. இரண்டாவது வகையே ஜாவாவில் பரவிப் பெயர்பெற்றது. ஜாவா வகைத் தைலத்தில் சிட்ரோனெல்லால் என்னும் பொருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும். இலங்கை வகையில் அது மிகக் குறைவு. இரண்டும் தூயவை, பெயரும் ஒன்றே, ஆனால் சரக்கு வேறு. தாவரவியல் பெயர் இங்குதான் கைகொடுக்கிறது: இலங்கை வகை சிம்போபோகன் நார்டஸ், ஜாவா வகை சிம்போபோகன் வின்டரியானஸ்.

பிரான்சின் வேதியியலாளர் கட்டேஃபோஸே 'அரோமாதெரபி' என்னும் சொல்லைத் தம் நூலுக்குத் தலைப்பாக்கியது 1937இல். தைலத்தின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை முறை 1952இல் வெளிவந்தது. இன்று நல்ல விற்பனையாளர் ஒவ்வொரு தொகுதிக்கும் அச்சோதனை அறிக்கையைத் தருவர். புதியவர்கள் அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டா. தாவரவியல் பெயர், தாவரத்தின் பகுதி, விளைந்த நாடு ஆகிய மூன்றும் இல்லாத புட்டியைக் கடையிலேயே வைத்துவிடலாம். "சுத்தமானது" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது எதையும் மெய்ப்பிக்காது.

பெற்றோர்களுக்கு ஒன்று. நீலகிரித் தைலம் எத்துணைத் தூயதாயினும் கைக்குழந்தையின் முகத்திலோ மூக்கருகிலோ தடவலாகாது. அதிலுள்ள சினியோல் மூச்சைத் தடுமாறச் செய்யக்கூடும். சிறுவர் விழுங்கினால் வலிப்பும் மயக்கமும் நேரலாம். புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.