வில்லங்கச் சான்று

ஓர் அசையாச் சொத்தின்மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான ஆவணங்களைக் காட்டும் அரசுச் சான்று. தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் சார்பதிவாளர் அலுவலகங்கள் இதை வழங்குகின்றன; இணையவழியிலும் பெறலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இதற்கு அடிப்படை. பேச்சுவழக்கில் ‘வில்லங்கம்’ என்றால் வம்பு. சட்ட வழக்கில் சொத்தின்மேல் பிறருக்குள்ள உரிமை அல்லது பொறுப்பு.

உள்ளடக்கம்: ஆவண எண், ஆண்டு, பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவை வரிசையாக இருக்கும். விற்பனை, தானம், பாகப்பிரிவினை, அடமானம் போன்றவை இதில் தெரியும். அடமானப் பதிவு ஒன்று இருந்து, அதைத் தீர்த்ததற்கான ரசீது ஆவணம் பின்னர் பதிவாகாமல் இருந்தால், கடன் நிலுவையில் உள்ளதா என்று விசாரிக்க வேண்டும்.

வரம்புகள்: பதிவாகாத ஒப்பந்தம், வாய்மொழிப் பாகப்பிரிவினை, உயில், சுவாதீனத்தில் இருப்பவரின் உரிமை ஆகியவை பொதுவாக இதில் தெரியாது. தேடிய காலத்துக்கு முந்தைய ஆவணங்களும் வாரா. சர்வே எண்ணோ உட்பிரிவோ தவறினால் வேறு நிலத்தின் விவரமே கிடைக்கும்.

பட்டாவுடன் வேறுபாடு: பட்டா வருவாய்த்துறை ஆவணம், வில்லங்கச் சான்று பதிவுத்துறையுடையது. இரண்டில் எதுவும் தனியாக உரிமைமூலத்தை நிறுவாது. மூலப்பத்திரம் தொடங்கித் தொடர் ஆவணங்களையும் நிலத்தின் சுவாதீனத்தையும் சேர்த்துப் பார்த்தே உரிமை முடிவு செய்யப்படும்.