மனித நஞ்சுக்கொடியின் ஆய்வக மாதிரிகள்: வகைகளும் வரம்புகளும்

1. ஆய்வுப் பொருள்

கர்ப்பிணி உட்கொள்ளும் மருந்தில் எவ்வளவு சிசுவைச் சேரும் என்பது பெரிதும் நஞ்சுக்கொடியைப் பொறுத்தது. நிறைமாதத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பைக் கர்ப்பம் தொடரும்போது எடுத்துச் சோதிக்க வழியில்லை. மருந்துச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதும் அரிது. அதனால் மாதிரிகளை நாடுகிறோம். இவற்றுள் எதுவும் முழு நஞ்சுக்கொடி ஆகாது. எனவே கேள்விக்கேற்ற மாதிரியைத் தேர்வதே ஆய்வாளரின் முதற்கடமை.

2. விலங்குகளின் போதாமை

சுண்டெலியில் தாய் ரத்தத்தையும் சிசு ரத்தத்தையும் பிரிப்பவை மூன்று ட்ரோபோபிளாஸ்ட் (நஞ்சுக்கொடியின் புறச்செல்) அடுக்குகள். மனித நஞ்சுக்கொடியில் அந்த இடத்தில் இருப்பது, பல செல்கள் ஒன்றாய் இணைந்து உருவான சின்சீசியப் படலம். 1961இல் திரும்பப் பெறப்படுமுன் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கை கால் வளர்ச்சியைச் சிதைத்த தாலிடோமைடு என்ற மருந்து, எலிகளில் அத்தகைய ஊனத்தை உண்டாக்குவதில்லை. ஒரு விலங்கில் கண்ட பாதுகாப்பு மனிதருக்கு உறுதிமொழி ஆகாது.

3. மாதிரிகளின் வகைகள்

3.1 ஊடோட்ட முறை: பிரசவத்துக்குப் பின் கிடைக்கும் நஞ்சுக்கொடியின் ஒரு மடலில், தாய்ப்பக்கமும் சிசுப்பக்கமும் தனித்தனியே திரவம் செலுத்தப்படுகிறது. ஷ்னைடர், பனிகல், டான்சிஸ் ஆகியோர் 1972இல் விவரித்த இம்முறை மருந்துக் கடத்தலை நேரடியாக அளக்கிறது. ஆனால் திசு சில மணி நேரமே தாங்கும். நிறைமாத நிலையையே காட்டும்.

3.2 செல் வரிசைகள்: 1968இல் வெளிவந்த பீவோ வரிசை, நஞ்சுக்கொடிச் செல்களில் தோன்றும் கோரியோகார்சினோமா புற்றிலிருந்து பெறப்பட்டது. வளர்ப்பது எளிது; ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் செல்கள் இணைகின்றன. எனினும் புற்றுச் செல்லின் குரோமோசோம் கோளாறுகள் அதில் உண்டு.

3.3 ஸ்டெம் செல்களும் ஆர்கனாய்டுகளும்: 2018இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகக் குழு மனித ட்ரோபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்களை நிலையாக வளர்த்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜிலும் வியன்னாவிலும் ட்ரோபோபிளாஸ்ட் ஆர்கனாய்டுகள் (உறுப்பை ஒத்த முப்பரிமாணச் செல் திரள்கள்) உருவாயின. முதல் மூன்று மாத நஞ்சுக்கொடியை நீண்ட நாள் ஆராயும் வாய்ப்பு இவற்றால் கிட்டியது.

3.4 சிப் மாதிரி: மெல்லிய சவ்வின் ஒருபுறம் ட்ரோபோபிளாஸ்ட், மறுபுறம் சிசுவின் ரத்தநாளச் செல்கள்; இருபுறமும் திரவ ஓட்டம். 2016இல் வெளியான சிப்களில் குளுக்கோஸ் கடத்தல் அளக்கப்பட்டது.

4. மதிப்பீடு

மூன்று அளவுகோல்கள் இன்றியமையாதவை.

அ) கர்ப்ப காலம்: முதல் பத்து வாரங்களில் தாய் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாய்ப் பாய்வதில்லை, ஆக்சிஜன் குறைவு. சாதாரணக் காற்றின் ஆக்சிஜனில் வளர்த்த செல்கள் அந்நிலையைப் பிரதிபலிக்கா.

ஆ) திசை: உடலில் சின்சீசியம் வெளிப்புறமாகத் தாய் ரத்தத்தில் நனைகிறது, ஜெல்லில் வளரும் ஆர்கனாய்டில் அது உட்புறம் அமைகிறது. வெளியே ஊற்றிய மருந்து முதலில் தொடுவது வேறு செல்களை.

இ) ஓட்டம்: அசையாத் தட்டில் ரத்த உராய்வின் விளைவு தெரியாது.

5. முடிவு

மருந்துக் கடத்தலுக்கு ஊடோட்ட முறையும், தொடக்க வளர்ச்சிக்கு ஆர்கனாய்டும், இரு செல்வகைகளின் ஊடாட்டத்துக்குச் சிப்பும் பொருந்தும். ஒரு மாதிரியின் முடிவு மற்றொன்றில் உறுதிப்படும்வரை அதை மருத்துவ அறிவுரையாக்கக் கூடாது. மருந்து தேவைப்படும் கர்ப்பிணிக்கு ஊகத்தைவிட உறுதியான விடையைத் தரும் கடன் இத்துறைக்கு உண்டு.