சமத்துப் பிள்ளைகள்

“ஒங்கப்பன் அழவே மாட்டான். ஆயாக் கொட்டாயில விட்டா ஒரு மூலையில ஒக்காந்துக்குவான். அவ்ளோ சமத்து” என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால் மரம் வெட்டியவர் அவர். அழும் பிள்ளையோடு நிற்கத் தோட்டம் அவருக்கு நேரம் தரவில்லை.

அந்தச் சமத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு பழைய ஆவணப்படத்தின் கதையைப் படித்த பிறகுதான்.

1928இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். பிள்ளையைக் கட்டியணைக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கை குலுக்கினால் போதும் என்றார். அக்காலப் பிரிட்டிஷ் மருத்துவமனைகளும் பெற்றோரைத் தள்ளியே வைத்தன. அம்மா வந்துபோனால் பிள்ளை அழும். வராவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். அடங்கினால் ‘பழகிவிட்டது’ என்று எழுதிக்கொள்வார்கள்.

ஜான் பௌல்பியுடன் லண்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் இதை நம்பவில்லை. லாரா என்ற இரண்டு வயதுச் சிறுமி அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததைப் படமெடுத்து, 1952இல் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். லாரா அதிகம் அழவில்லை. அழுகை முகம்வரை வரும், அடக்கிக்கொள்வாள். அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959இல் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரைத்தது.

நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். அலாரத்தை ‘மியூட்’ பண்ணினால் பழுது சரியாகிவிடாது என்பது எங்களுக்கு முதல் வாரப் பாடம். வீட்டில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். சின்ன வயதில் நான் அழுதால் அப்பா திட்டமாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார். சீக்கிரமே நானும் சமத்தாகிவிட்டேன். இன்றுவரை எனக்குக் கோபமோ வருத்தமோ வந்தால் பேச்சு நின்றுவிடும்.

போன மாதம் அக்கா மகன் சைக்கிளிலிருந்து விழுந்தான். “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்றார் அப்பா. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். நான் படித்த லாராவின் முகம் அதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து, “ரொம்ப வலிக்குதாடா?” என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதான். ஐந்து நிமிடம்கூட இருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சைக்கிளை எடுத்தான்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் கொட்டாயில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.